அப்பா போட்ட மூன்று சால்

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில், எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேல்புறம் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல், நடுவில் நாலைந்து உடைமரம், அவ்வளவுதான். பங்குனிக்குள் எல்லாம் காய்ந்து வெளுத்துவிடும். புல்லுக்குள் நடந்தால் துணி முழுக்க ஊசி ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிடுங்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை நான் அங்கே போய், இரண்டு அடையாளக் கல்லுக்கு நடுவில் இரும்புக் குழாயை அடித்து மண் எடுக்கிறேன். எட்டு வருஷமாக எடுக்கிறேன். அந்த இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. அங்கே மூன்று உழவுச் சால் ஓடியிருக்கிறது. ஓட்டியவர் எங்கள் அப்பா.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிற உயிர்களைப் பற்றிப் படிக்கிறேன். புல்வெளியை உழுது பயிர் வைத்தால் அந்த உயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. நான் குழாயைத் தரையில் அடிப்பதைப் பார்த்துவிட்டு, மண்ணுக்கு ஊசி போடுகிற டாக்டர் என்று ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள். ஆடு மேய்க்க வருகிறவர்கள் நின்று, காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டு நாளைக்குக் கஞ்சி மட்டும் கொடுங்கள் என்று நானும் சொல்லுவேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எத்தனையோ கருவிகள் இருந்தாலும் நான் மனசார நம்பியது ஒரு கண்ணாடி டம்ளரைத்தான். பட்டாணி அளவுக்கு ஒரு மண்கட்டியை எடுத்து டம்ளர் தண்ணீரில் மெதுவாக விட வேண்டும். உழாத புல்வெளி மண் என்றால் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். வருஷா வருஷம் உழுகிற மானாவாரிக் காட்டு மண் என்றால் பொசுபொசுவென்று உதிர்ந்து தண்ணீர் கலங்கிவிடும். புல்வேரை ஒட்டி ஒரு வகைப் பூஞ்சை வாழ்கிறது. நூலைவிட மெல்லிய அதன் இழைகள்தான் மண்ணைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கின்றன. வேர் போய்ச் சேர முடியாத இடத்து ஈரத்தையும் கொண்டுவந்து கொடுக்கின்றன. கலப்பை அந்த இழைகளை அறுத்துவிடுகிறது. வருஷம் தவறாமல் அறுத்தால் மறுபடி சேர முடியாமல் போகிறது.

இதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு தடவைகூடக் கலப்பை படாத மண் எனக்கு வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு எங்கே போவது? கோயில் வாசலை விட்டு வைத்தார்களே தவிர, கண்மாய்த் தண்ணீர் நிற்கிற உள்வாய் வரைக்கும் உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள். பந்தல்குடியிலிருந்து நரிக்குடி வரைக்கும் ஸ்கூட்டியில் மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் எங்கள் ஊர்ப் புறம்போக்கிலேயே கிடைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அனுமதி வாங்கி, கல் ஊன்றி, நைலான் கயிறு கட்டி, பத்துக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முளையடித்து, என் பெயரும் கட்ட எண்ணும் எழுதிய தகரம் மாட்டினேன். மூன்று வருஷம் தொடர்ந்து மண் எடுக்க வேண்டும். அந்தப் பத்துக் கட்டம் போனால் என் படிப்பும் போனது என்று அர்த்தம்.

அப்பா டிராக்டர் டிரைவர். அவருடைய அப்பா மாட்டேர் பிடித்த கூலி. இரண்டு பேருக்குமே ஒரு செண்டு நிலம் கிடையாது. எங்கள் வீடு நிற்கிற இடம்கூட அரசாங்கம் கொடுத்தது. ஆனால் அப்பா உழாத காடு அந்தப் பக்கத்தில் கிடையாது. ஊர் முதலாளி ஒருவருடைய டிராக்டரை முப்பது வருஷம் ஓட்டினார். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் போதும், என் காட்டுக்கு வாருங்கள், என் காட்டுக்கு வாருங்கள் என்று எங்கள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அவர் போட்ட சால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லுவார்கள். அதைக் கேட்டால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைப்பார். அவருக்குத் தெரிந்த பெருமை அது ஒன்றுதான். அந்தச் சாலில்தான் நான் படித்தேன்.

இப்போது நான் சொல்லப் போவது என் தப்பு. உழவு மண்ணின் உயிரைக் குறைக்கிறது என்று நான் சென்னையில் பேசியிருக்கிறேன், பெங்களூரில் பேசியிருக்கிறேன். எனக்குக் காப்பி கொடுத்த கேண்டீன்காரரிடம்கூடப் பேசியிருக்கிறேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. உங்கள் பிழைப்பே கொலை வேலை என்று ஒரு மனுஷனிடம், அதுவும் பெற்ற தகப்பனிடம், எப்படிச் சொல்லுவது? என்ன ஆராய்ச்சி என்று அப்பா கேட்டபோது, மண்ணில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"உழுதாத்தான தாயி உசுரு வரும்" என்றார் அப்பா.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

மூன்றாவது வருஷம் தை மாதத்தில், கல்லூரியில் கரண்ட் போய், நான் குளிரில் வைத்திருந்த ஒரு பருவத்து மண் மொத்தமும் வீணானது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். என் முகத்தைப் பார்ப்பதும், எழுந்து போய் பைக்கைத் துடைப்பதும், மறுபடி வந்து உட்காருவதுமாக இருந்தார். மறுபடி எடுக்க முடியாதா என்று ஒரு தடவை கேட்டார். சித்திரையில் எடுக்கலாம், ஆனால் அதுதான் கடைசி வாய்ப்பு என்று சொன்னேன். இனிமேல் எல்லாம் அந்த இடத்தின் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

சித்திரை பிறந்ததும் எங்கள் பக்கத்தில் பொன்னேர் பூட்டுவார்கள். வருஷத்தின் முதல் உழவு அது. இப்போது மாட்டேர் இல்லாததால் டிராக்டர்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து ஊர்ப் பொதுக் காட்டுக்கு எல்லா வண்டியும் வரிசையாகப் போகும். ஒரு சுற்று உழுது ஒரு கை நவதானியம் விதைப்பார்கள். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், பானக்கம் கொடுப்பார்கள். அது முடிந்ததும் அவரவர் சொந்த நிலத்துக்குப் போய் முதல் சால் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் அந்த வருஷம் அந்த நிலம் பொய்க்காது என்பது நம்பிக்கை. டிரைவர்களுக்கு அதில் ஒன்றும் கிடையாது. முதலாளியின் காட்டில் முதல் சால் போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

அந்தப் பொன்னேர் முடிந்த மூன்றாம் நாள் நான் மண் எடுக்க ஊருக்கு வந்தேன். அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அப்பா பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக வரமாட்டார். வீட்டுக்குப் போகாமல் நேரே புறம்போக்குக்கு வண்டியை விட்டார்.  பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே அவர் சிரித்துக்கொண்டு ஓட்டுவது தெரிந்தது.

இறங்கிப் பார்த்தேன். வெளுத்த புல்லுக்கு நடுவே கறுப்பாக, பளபளவென்று, மூன்று சால். ஒன்பது பல் வைத்த கொத்துக் கலப்பை ஒரு தடவை போனாலே ஆறடிக்குக் கீறிவிடும். மூன்று தடவை போயிருந்தது. புல் வேரோடு புரண்டு கிடந்தது. விதைத்த தானியத்தைப் புறா பொறுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிய முளைகளையும் தகரங்களையும் உடைமரத்தடியில் எண் வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்தார். ஒரு தகரம்கூட நசுங்கவில்லை.

"இந்த வருசம் பொன்னேருக்கு இங்கனதான் மொதச் சாலு போட்டேன். இனி ஒனக்கு நல்லா வரும் தாயி" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் கண் தெரியவில்லை. கொட்டின வார்த்தையை அள்ள முடியாது என்பார்கள். எனக்கு அது கொட்டும்போதே தெரியும், தெரிந்தும் கொட்டினேன்.

"கொன்னுட்டீகளேப்பா. எல்லாத்தையும் கொன்னுட்டீக. ஒங்களுக்கு உழுகுறதத் தவிர என்ன தெரியும்?"

அப்பா என்னைப் பார்த்தார், சாலைப் பார்த்தார். எது செத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பார்த்ததிலேயே நல்ல உழவு அது. மெதுவாகக் கேட்டார்.

"பரம்படிச்சு மூடி விட்டுறட்டுமா தாயி? சரியாகிருமா?"

உழுத மண்ணைப் பலகை வைத்துச் சமப்படுத்துவதுதான் பரம்படிப்பது. ஒரு தப்பைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த வழி அது. நான் நடந்தே ரோட்டுக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டேன். பத்துக் கட்டத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

நாலு மிச்சம் இருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைக் கேட்டதும், அழுவதை நிறுத்து என்றார். உழாத நாலு கட்டத்தையும் புதிதாக உழுத ஆறு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்குக் கிடைக்கும், கேள்வியை மாற்றிக்கொள் என்றார். உழுதால் என்ன ஆகும் என்பதற்குப் பதிலாக, உழுததை விட்டுவிட்டால் எத்தனை காலத்தில் பழையபடி ஆகும் என்று கேட்கச் சொன்னார். பட்டம் அதற்குத்தான் கிடைத்தது. அப்பா கெடுத்ததாக நான் கத்தின நிலம்தான் என்னைக் கரையேற்றியது.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. மண் மூச்சு விடும். உள்ளே இருக்கிற உயிர்கள் விடுகிற மூச்சு. ஜாடியில் அடைத்து வைத்து அதை அளக்கலாம். அப்பா உழுத முதல் மாதத்தில், அந்தச் சால்களின் மண் பக்கத்து மண்ணைவிட அதிகமாக மூச்சு விட்டது. உடைந்த மண்ணுக்குள் காற்றுப் போனதும், அது நாள் வரை பூட்டிக் கிடந்த உணவெல்லாம் நுண்ணுயிர்களின் வாய்க்கு எட்டிவிடுகிறது. ஒரு வருஷ நெல்லை ஒரே விருந்தில் தின்று தீர்ப்பது மாதிரி. ஆடிக்குள் எல்லாம் அடங்கி, பக்கத்து மண்ணுக்குக் கீழே போய்விட்டது. ஆனால் அந்த ஒரு மாதம் நிஜம். உழுதால் உசுரு வரும் என்று அப்பா சொன்னது அதைத்தான். உழுத மண்ணின் வாசத்தில் அவர் மூக்கால் கண்டதை நான் ஜாடியால் கண்டேன். ஒரு போன் போட்டு, நீங்கள் சொன்னது பாதி சரி அப்பா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

பேசாமல் இல்லை, பேசினோம். சாப்பிட்டாச்சா, பஸ் கிடைத்ததா, மழை உண்டா. அதற்கு மேல் இரண்டு பேருமே போகவில்லை. நான் மண் எடுக்க வருகிற நாட்களில் அப்பா லோடு இருக்கிறது என்று எங்காவது போய்விடுவார். ஒரு தடவை நான் போனபோது, உழுத இடத்தைச் சுற்றி வேலிக்கருவை முள் வெட்டி அடைத்திருந்தது. ஆடு, மாடு, வேறு டிராக்டர் எதுவும் உள்ளே போக முடியாது. யார் அடைத்தது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. முள்ளை விலக்கி உள்ளே போய் மண் எடுத்துக்கொண்டு, மறுபடி முள்ளை இழுத்துவிட்டு வந்தேன். ஆகாத ராங்கி, வீம்பு.

அம்மாதான் ஒரு நாள் போனில் சொன்னாள்.

"அது எப்பச் சரியாகும்னு ஒங்கப்பா ஒங்கிட்டக் கேக்கச் சொன்னாக. நான் சொன்னதாச் சொல்லாதன்னும் சொன்னாக."

என் புதுத் தலைப்பே அந்தக் கேள்விதான். அர்த்தம் மாறாமல் அதே கேள்வியைத்தான் நான் ஆங்கிலத்தில் எழுதி, அனுமதிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரியாதும்மா, தெரிந்தால் நானே சொல்கிறேன் என்றேன். தீபாவளிக்கு வரும்போது நேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரைக்கூடப் பையில் எடுத்து வைத்தேன். அவர் கண் முன்னால் இரண்டு கட்டியையும் தண்ணீரில் விட்டுக் காட்டினால் புரிந்துவிடும். என்னைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

அந்த வருஷத் தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், கொத்தமல்லி விதைக்கக் காட்டை உழுதுகொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை நிறுத்தியிருக்கிறார். பாதிச் சாலில் நிறுத்தாமல், வரப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சாலை முடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் வந்தபோது வாசலில் கிடத்தியிருந்தார்கள். கால் நகக்கண்ணில் கரிசல் மண் அப்படியே இருந்தது. குளிப்பாட்டியும் போகவில்லை என்று அம்மா சொன்னாள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மன்னிச்சுக்கோங்கப்பா என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

கருமாதி அன்றைக்கு டிராக்டர் முதலாளி வந்திருந்தார். பெரிதாகப் பேசுகிறவர் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என்னிடம் வந்து நின்றார்.

"பொன்னேர் முடிஞ்சா ஒங்கப்பா எங்காட்டுக்குத்தான் மொதல்ல வருவாப்ல. முப்பது வருசமா அப்படித்தான். இந்த வருசம், 'மொதலாளி, எம்மக நெலத்துல மூணு சாலு போட்டுட்டு வந்துர்றேன்'னு கேட்டாப்ல. ஒங்களுக்கு ஏதுய்யா நெலம்னு சிரிச்சேன். 'கல்லு ஊண்டி, கயிறு கட்டி, பேரு எழுதி மாட்டியிருக்குல்ல'ன்னாப்ல."

அது புறம்போக்கு என்று அப்பாவுக்குத் தெரியாதா? என்னைவிட முன்னாலேயே அவருக்குத் தெரியும். தெரிந்தும், ஊரில் எல்லோரும் அவரவர் நிலத்துக்குப் போன அந்த நல்ல நேரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கொன்னுட்டீகளே என்று சொன்னேன்.

பட்டம் வாங்கிய பிறகும் நான் மண் எடுப்பதை நிறுத்தவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆராய்ச்சி என்று பெயருக்குக்கூட ஒன்றும் இல்லை. ஆனால் சித்திரை வந்தால் குழாயை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். உழவுக்குப் பிறகு முதல் வருஷம், அப்பாவின் சாலில் எடுத்த கட்டி தண்ணீரில் பட்டதும் உதிர்ந்தது. இரண்டாம் வருஷமும் அப்படித்தான். நாலாம் வருஷம் கொஞ்சம் யோசித்துவிட்டு உதிர்ந்தது. இதற்குள் கொழுக்கட்டைப்புல் மூடிவிட்டது. அப்பா அடைத்த முள்ளைக் கறையான் தின்று தீர்த்தது. மழையில் ஊறி வெயிலில் வெடித்துச் சால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிட்டன. அந்த மூன்று சால் இருந்தது என்பதற்கு டம்ளர் மட்டும்தான் சாட்சி. ஒவ்வொரு வருஷமும் கட்டி உதிர்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும். அதை வெளியில் சொன்னதில்லை.

இந்த வருஷம் மண்ணை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். பொறு என்று சொல்லிவிட்டு டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கட்டியை விட்டேன். ஒரு நிமிஷம் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் பார்த்தேன். தண்ணீர் கலங்கவில்லை. இன்னொரு கட்டியை விட்டேன். அதுவும் முதல் கட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உழாத மண்ணுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இழைகள் திரும்பி வந்துவிட்டன.

என்ன என்று அம்மா கேட்டாள். சரியாயிருச்சும்மா என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பச் சரியாகும், எப்பச் சரியாகும்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக. போயிச் சொல்லிட்டு வா தாயி" என்றாள்.

எங்கே போய்ச் சொல்வது என்று அம்மா சொல்லவில்லை. அப்பாவை எரித்து, சாம்பலை ராமேஸ்வரம் கடலில் கரைத்தாயிற்று. நிலம் என்று இந்த உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த மூன்று சால்தான். அது இனி இல்லை என்று, எட்டு வருஷம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்தவள் நான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா டம்ளரை எடுத்துக் கை படாத இடமாகப் பார்த்து ஜன்னலில் வைத்தாள். கட்டி கரையாமல் அப்படியே இருந்தது.